மாதா அடுத்த வீட்டுக்குப் போகவில்லை

மொன்றியலில் எங்கள் கத்தோலிக்கச் சனத்தில் யாராவது கண்ணை மூடினால், செய்தி முதலில் போவது பூசை வைக்கும் கோவில் சுவாமிக்கு அல்ல, ஹென்றிக்கு. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டு நிற்கும் அந்த மனிதர், தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "எப்ப பார்வைக்கு வைக்கினம்?" என்று கேட்பார். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் முழுகி, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, உடலை வைத்திருக்கும் மலர்ச்சாலைக்கு வந்துவிடுவார். செபமாலையை அவர்தான் தொடங்குவார். குரல் அப்படிப்பட்டது. இழுக்காது, அவசரப்படாது. அவர் முதல் மணியைத் தொட்டதும் எந்த வீட்டு அழுகையும் கொஞ்சம் அடங்கும்.

செபம் முடிந்ததும் செத்தவீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "தந்தவர் எடுத்திட்டார். அழாதேங்கோ, அவர் பாத்துக்கொள்ளுவார்." அதைக் கேட்டு ஆறியவர்கள் நிறையப் பேர். எரிச்சல் பட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஹென்றியோடு கோபித்துக்கொள்வது லேசான காரியமா? நேற்று உங்கள் தாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர் அவர். போன குளிர்காலத்தில் உங்கள் பிள்ளைக்கு ஜக்கெற் தேடிக் கொண்டுவந்து தந்தவரும் அவர்.

சந்தையில் விலைபோகாமல் கிடக்கும் கத்தரிக்காயும் வாழைப்பழமும் மாலையில் அவருடைய வான் வண்டியில் ஏறிப் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதி முழுக்கச் சுற்றும். கிறிஸ்தவ வீடா, சைவ வீடா என்று பார்ப்பதில்லை. கத்தரிக்காய்க்குச் சமயம் கிடையாது என்பார். வீட்டில் மனைவி ஜெசிந்தா சமைத்து வைத்த மீன்குழம்பு, சில நாள் சட்டியோடு யாரோ ஒரு புதிதாக வந்த அகதி வீட்டுக்குப் போய்விடும். அவள் ஒன்றும் சொல்லாமல் முட்டை பொரித்து மகனுக்குச் சோறு போடுவாள். "உங்கட மோட்சத்துக்கும் நான்தான் சமைக்கிறன்" என்று பகிடி விடுவாள். ஹென்றி சிரிப்பார். அந்த வீட்டில் அப்போதெல்லாம் சிரிப்பு இருந்தது.

மகன் டெறிக். கலியாணமாகிப் பல வருடம் கழித்து, வேண்டாத கோவில் இல்லை என்ற நிலையில் பிறந்த ஒரே பிள்ளை. தகப்பனோடு தமிழிலும், சிநேகிதரோடு பிரெஞ்சிலும், தாயோடு இரண்டையும் கலந்த ஒரு பாஷையிலும் கதைப்பவன். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உயிர்ச் சிநேகிதன் நிஷான். இரண்டு பேரும் சின்ன வயதில் கோவிலில் ஒன்றாக முதல் நன்மை எடுத்தவர்கள், பூசைக்கு உதவும் பிள்ளைகளாக ஒன்றாக நின்று ஒன்றாகக் கொட்டாவி விட்டவர்கள். நிஷானின் தாய் தகப்பன் அஜிதாவும் வின்சன்ட்டும் பிறகு நகருக்கு வெளியே கர்க்லாண்டில் வீடு வாங்கிப் போனார்கள். என்றாலும் ஞாயிறு பூசைக்கு இரண்டு குடும்பமும் ஒரே வாங்கில்தான் இருக்கும்.

போன ஜனவரியில், உறைமழை பெய்து வீதியெல்லாம் கண்ணாடியாகிக் கிடந்த ஒரு மாலை, நிஷானின் கார் நெடுஞ்சாலையில் வழுக்கிப் பாலத்தூணில் அடித்தது. ஓட்டியவன் நிஷான். கையில் இருந்த தொலைபேசியைக் குனிந்து பார்த்திருக்கிறான். அவனுக்குக் கால் நொறுங்கியது. பக்கத்தில் இருந்த டெறிக் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே போய்விட்டான்.

டாக்டர் வந்து சொன்னபோது ஹென்றி நின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சில் சொன்னது அவருக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியது உள்ளே இறங்கியதா என்பது வேறு விஷயம். நடைபாதையின் அந்தப் பக்கம் அஜிதாவும் வின்சன்ட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கண்டதும் ஹென்றியின் கால்கள், எத்தனையோ மலர்ச்சாலைகளில் நடந்து பழகிய நடையை நடந்தன. நேரே போய் வின்சன்ட்டின் தோளில் கையை வைத்தார். "ஒண்டும் யோசியாதேங்கோ. நாங்கள் மன்னிச்சிட்டம்" என்றார். பிறகு நிஷானைக் கிடத்தியிருந்த அறைக்குப் போய் அவன் நெற்றியில் சிலுவை அடையாளமும் போட்டார்.

ஜெசிந்தா வாசலடியில் கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்றாள். அவள் இன்னும் மகனைப் பார்க்கவில்லை.

இந்தச் செய்தி எங்கள் சனத்துக்குள் பரவிய வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. சுவாமி பிரசங்கத்தில் சொன்னார். ஆட்கள் கண்ணீர் வடித்தார்கள். மலர்ச்சாலையில் மகனின் பெட்டியடியில் நின்று ஹென்றியே செபமாலை சொன்னார், குரல் ஒரு இடத்திலும் இடறவில்லை. "நீங்கள் மனிசன் இல்லை அண்ணை, புனிதர்" என்று ஒருத்தி அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். உண்மையைச் சொல்லவேண்டும், அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. பிள்ளை போன இடத்தில் அந்தப் பேர் ஒன்றாவது வந்து நின்றது. அதையும் விட்டால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

வீட்டில்தான் எல்லாம் மாறிப் போனது. ஜெசிந்தா குழந்தைகளைப் பராமரிக்கும் கார்டெரி ஒன்றில் வேலை செய்பவள். சில கிழமைகளில் வேலைக்குத் திரும்பினாள். சமைத்தாள், துவைத்தாள், ஞாயிறில் பூசைக்கும் வந்தாள். ஆனால் மாலையில் ஹென்றி செபத்துக்கு முழந்தாளிட்டால், அவள் எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள். பாத்திரம் இருக்காது, தண்ணீர் ஓடும். அவர் தனியே தொடங்கி, மறுமொழியையும் தானே சொல்லி முடிப்பார். இருபத்தைந்து வருடம் இரண்டு குரலில் சொன்ன செபத்தை ஒற்றைக் குரலில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

"சாப்பாடு போட்டிருக்கு." "லைட் பில் வந்திருக்கு." அவள் அவரோடு பேசியது இவ்வளவுதான். நிஷானை மன்னிக்க முடியாமல் அவள் உள்ளுக்குள் எரிகிறாள் என்று ஹென்றி எண்ணினார். தாய்மனம், என்ன செய்வது, காலம் எடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஜெசிந்தா மறுபடி வந்து தன் பக்கத்தில் முழந்தாளிட வேண்டும். மகனைத் திருப்பிக் கேட்க முடியாது, மனைவியையாவது கேட்கலாம் அல்லவா?

ஒக்டோபர் வந்தது. ஒக்டோபரில் எங்கள் மாதா வீடு வீடாகப் போவா. கோவிலில் இருந்து மாதாவின் சிலையை, சுரூபத்தை, எடுத்து ஒரு வீட்டில் ஒரு நாள் வைத்துச் செபமாலை சொல்வார்கள். மறுநாள் மாலை அடுத்த வீட்டுக்காரர் வருவார்கள். இந்த வீட்டுத் தாய் சுரூபத்தைத் தன் கையால் எடுத்து அந்த வீட்டுத் தாயின் கையில் கொடுக்கவேண்டும். வேறு யாரும் கொடுப்பதில்லை, அதுதான் வழக்கம். பிறகு கடலை, வடை, தேத்தண்ணி, அரசியல். எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று ஒழுங்கு பண்ணும் பொறுப்பு பல வருடமாக ஹென்றியுடையது.

இந்த வருடம் அவர் தங்கள் வீட்டுக்கு அடுத்ததாகக் கர்க்லாண்ட் வீட்டைப் போட்டார்.

தெரியாமல் போட்டதில்லை. யோசித்து, மன்றாடி, இது ஆண்டவர் காட்டிய வழி என்று நம்பித்தான் போட்டார். ஜெசிந்தாவின் கையில் இருந்து அஜிதாவின் கைக்கு மாதா போனால், அவள் மனதில் உள்ள கல்லும் கூடவே போய்விடும் என்று நினைத்தார். அரிசி களைந்துகொண்டு நின்ற ஜெசிந்தாவிடம் போய்ச் சொன்னார். "எங்கட வீட்டுக்குப் பிறகு வின்சன்ட் வீடு."

"ம்" என்றாள்.

அந்த ஒரு "ம்" ஹென்றிக்கு, வனாந்தரத்தில் பசித்துக் கிடந்த சனத்துக்கு வானத்தில் இருந்து விழுந்த மன்னா மாதிரி இருந்தது.

மாதா வந்த அன்று ஜெசிந்தா மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தாள். பூ வைத்தாள். சனம் செபமாலை சொல்லும்போது ஒரு கதிரையில் இருந்து சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசையவில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயைத் திறக்க எழுந்து போகவும் இல்லை. ஹென்றி அதைக் கவனித்தார், மனதுக்குள் நன்றி சொன்னார்.

மறுநாள் மாலை அந்தச் சின்ன மேல்மாடி வீட்டில் கால்வைக்க இடமில்லை. வழமையாக வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஏன் வந்தார்கள் என்பது அவரவருக்குத் தெரியும். இரண்டு மூன்று பேர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். வெளிப் படிக்கட்டில் வின்சன்ட் உள்ளே வரத் துணியாமல் நின்றார். அஜிதா மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நிஷான் வரவில்லை.

செபம் முடிந்தது. ஹென்றி அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இண்டைக்கு மாதா எங்களுக்கு ஒரு பெரிய அற்புதம் காட்டப்போறா. மன்னிப்பு எண்டால் என்ன எண்டதை இந்தப் பிள்ளைகளும் பாக்கட்டும்" என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "ஜெசிந்தா, எடுத்துக் குடும்."

ஜெசிந்தா சுரூபத்தை எடுத்தாள். கார்டெரியில் நித்திரை கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அஜிதா இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கைகள் அப்படியே நின்றன.

"அஜிதா, உம்மட பிள்ளை வீட்டில இருக்கிறான்" என்றாள் ஜெசிந்தா. சத்தம் போடவில்லை. "இந்த மாதாவின்ர பிள்ளையும் செத்தது, என்ர பிள்ளையும் செத்தது. இவ என்னோட இருக்கட்டும்."

உயர்ந்திருந்த தொலைபேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"ஜெசிந்தா, சனம் நிக்குது. குடும்" என்றார் ஹென்றி.

அவள் அசையவில்லை. அஜிதாதான் கையை மடக்கினாள். முகமெல்லாம் கண்ணீர். "வைச்சிருங்கோ அக்கா. நீங்களே வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு, குனிந்து மாதாவின் பாதத்தை ஒருதரம் தொட்டுக் கும்பிட்டாள். கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். வடையை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் வீடு வெறிச்சோடியது.

"இத்தினை சனத்துக்கு முன்னால என்னை வெக்கப்படுத்திப் போட்டீர்" என்றார் ஹென்றி. கலியாணம் முடித்த நாளில் இருந்து அவர் மனைவியிடம் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. ஜெசிந்தா சுரூபத்தோடு டெறிக்கின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. சந்தையில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சுவாமியின் அழைப்பு வந்தது. "ஹென்றி, ஒருக்கா அவவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. கர்க்லாண்டுக்குப் பிறகு இல்-பிசாரில இருக்கிற வீட்டாக்களும் பாத்துக்கொண்டிருக்கினம். நீங்கள் சொன்னால் அவ கேப்பா." இப்போதே எடுத்து வருகிறேன் என்று ஹென்றி வாக்குக் கொடுத்தார். சுரூபத்தைத் தானே தூக்கிப் போய் வின்சன்ட் வீட்டில் வைத்துவிடுவது என்ற முடிவோடு மகனின் அறைக் கதவைத் தள்ளினார்.

மகன் போன பிறகு அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. வராமல் இருக்க எப்போதும் ஒரு காரணம் கிடைத்தது. டெறிக்கின் மேசையில், புத்தகங்களுக்கு நடுவில் மாதா நின்றா. அவனுடைய கட்டிலில் ஜெசிந்தா படுத்திருந்தாள். வாய் சற்றுத் திறந்து, குறட்டை மெல்ல வர, ஆழ்ந்த நித்திரை. ஜனவரியில் இருந்து அவள் இப்படித் தூங்கி அவர் கண்டதில்லை. இரவில் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடப்பாள், அது அவருக்குத் தெரியும். இன்றைக்கு நடுப்பகல் வெளிச்சம் முகத்தில் அடித்தும் எழும்பாமல் தூங்குகிறாள்.

சுரூபத்துக்கு நீட்டிய கையை ஹென்றி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

குசினிக்கு வந்து சுவாமியை அழைத்தார். "சுவாமி, இந்த வருஷம் மாதா எங்கட வீட்டிலதான் இருப்பா. கோவிலில இருந்து வேற சுரூபம் ஒண்டு எடுத்து அவைக்குக் குடுங்கோ." சுவாமி ஏதோ சொன்னார். "இல்லை சுவாமி. நான் கேக்க மாட்டன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். கோவில் கேட்ட ஒன்றுக்கு அவர் 'இல்லை' என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திரும்பியபோது ஜெசிந்தா குசினி வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருப்பாள். ஹென்றிக்கு மனம் இளகியது. இனி அவள் தன்னோடு பேசுவாள் என்று தோன்றியது. கதிரையில் இருந்து, மலர்ச்சாலைகளில் பேசும் அந்த மெல்லிய குரலில் சொன்னார். "நிஷானை மன்னிக்க உமக்கு ஏலாட்டிப் பரவாயில்லை, ஜெசிந்தா. நான் உமக்காகவும் மன்றாடிக்கொள்ளுறன்."

"நிஷானை நான் மன்னிச்சுக் கனநாளாச்சு."

அவருக்கு விளங்கவில்லை. அவள் பாத்திரம் கழுவும் தொட்டியடிக்குப் போய்ச் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"கோடையில ஒருநாள் கார்டெரி வாசலுக்கு வந்தவன். தடியை ஊண்டிக்கொண்டு வெயிலுக்குள்ள நிண்டான். 'அன்ரி, நான் ஃபோனைப் பாத்தனான்' எண்டான். அதுக்கு மேல சொல்லத் தெரியேல்லை, அழத் தொடங்கிட்டான். நானும் அழுதன். ரெண்டு பேருமா அந்த மதிலடியில இருந்து டெறிக்கை நினைச்சு அழுதம். அவன் எப்பிடிச் சிரிப்பான், எப்பிடிப் பொய் சொல்லுவான் எண்டெல்லாம் கதைச்சம். பேந்து தண்ணி குடுத்து, பஸ்ஸில ஏத்திவிட்டனான். அதோட முடிஞ்சுது. என்ர பிள்ளைக்காக என்னோட சேந்து அழுதது அவன் ஒருத்தன்தான்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் அடுத்த ஞாயிறு கோவிலில சொல்லியிருப்பீங்கள்."

ஹென்றி சொல்லியிருப்பார்தான்.

"அப்ப நேற்று ஏன் குடுக்கேல்லை?"

"நேற்று நீங்கள் ஊரைக் கூட்டி வைச்சுக் கேட்டீங்கள். அண்டைக்கு ஆஸ்பத்திரியிலயும் அப்பிடித்தான். நான் என்ர பிள்ளையின்ர முகத்தைக் கூடப் பாக்கேல்லை. அதுக்குள்ள போய் மன்னிச்சிட்டம் எண்டு சொல்லிப் போட்டீங்கள். எனக்கும் சேத்துச் சொல்லிப் போட்டீங்கள். பேந்து நான் கோபிச்சால் பாவம், கத்தினால் பாவம், புனிதருக்குப் பெண்சாதியாய் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியதுதான்." அவள் மூச்சு எடுத்துக்கொண்டாள். "சிலுவையில இருந்து மன்னிச்சது மகன். தாய் கீழ நிண்டு அழுதவ. நீயும் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லு எண்டு அவவிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. அவவை அழ விட்டவை."

வெளியே பிள்ளைகள் பிரெஞ்சில் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ளையை மன்னிக்கிறது எனக்குப் பெரிய காரியமா இருக்கேல்லை" என்றாள் ஜெசிந்தா. "உங்களைத்தான் ஏலாமல் கிடக்கு."

ஆறுதல் சொல்லிப் பழகிய வாய் ஒரு சொல்லைத் தேடியது. அந்த வாய்க்கு வந்தவையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லித் தேய்ந்த சொற்கள். கடைசியில் ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் ஹென்றி சொன்னார். "நான் அழுதால் விழுந்திடுவன் எண்டு பயந்தனான், ஜெசிந்தா. எனக்கு அந்த நேரம் வேற ஒண்டும் செய்யத் தெரியேல்லை."

"விழுந்திருக்கலாமே" என்றாள் அவள். "நான் பக்கத்திலதானே நிண்டனான்."

ஹென்றி மகனின் பெயரைச் சொன்னார். இத்தனை மாதமும் 'ஆண்டவரிட்டைப் போன மகன்' என்றே சொல்லி வந்தவர், டெறிக் என்று மட்டும் சொன்னார். அந்தப் பெயர் பாதியில் உடைந்தது. மேசையில் தலையைப் போட்டுக்கொண்டு, யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று வாய்விட்டுக் கதறினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஐயோ என்ர பிள்ளை, ஐயோ என்ர பிள்ளை என்று அழுதார்.

அழுதுகொண்டே, அவள் வந்து தன் தோளில் கையை வைப்பாள் என்று காத்திருந்தார். ஜெசிந்தா வரவில்லை.